சனிக்கிழமை சாயங்காலம் திறக்காத இ-வே பில்: ஒரு பனியன் அலுவலகத்தின் பாஸ்வேர்டு ஆய்வு

இதில் வரும் அலுவலகம் ஏதோ ஒரு தனி நிறுவனம் அல்ல. திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறை வட்டாரத்துப் பனியன் அலுவலகங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார்களை ஒரே இடத்தில் நடந்ததாகக் கோத்திருக்கிறோம். ஆட்களும் உரையாடல்களும் அப்படிக் கோத்தவை. போர்ட்டல், மெனு, சட்டப் பிரிவு, தொகை ஆகியவை உள்ளது உள்ளபடி.

அலுவலகமும் அதன் ஓட்டமும்

பல்லடம் ரோட்டில் மெயின் யூனிட். கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் அங்கேயே. பேக்கிங் குடோன் தனியாக, சில கிலோமீட்டர் தள்ளி. டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் மூன்றும் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும். மொத்தம் 35 கம்ப்யூட்டர். ஐடி என்று தனித் துறை கிடையாது. ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) அடிப்படையில் வாரம் இரண்டு நாள் வரும் ஒருவர், எல்லாருக்கும் "சிஸ்டம் பாக்கற தம்பி".

இந்த ஓட்டத்தில் இ-வே பில், அதாவது வழியில் சரக்கோடு போகவேண்டிய, ஜிஎஸ்டிக்கான அரசு போர்ட்டலில் எடுக்கும் மின்சீட்டு, கணக்குப் பிரிவோடு முடிகிற வேலை இல்லை. மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் பில் வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்துக்குப் போகவும் பில் வேண்டும். துணி டையிங்குக்குப் போகும்போது, கார்ட்டன் தூத்துக்குடிக்கு ஏறும்போது, லாரி நடுவழியில் பழுதாகி வண்டி எண் மாறும்போது என்று நாள் முழுக்க யாராவது ஒருவர் போர்ட்டலில் இருப்பார். பர்ச்சேஸ், துணி அனுப்பும் பிரிவு, பேக்கிங், அக்கவுண்ட்ஸ் என நாலு பிரிவுக்கும் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டு.

சனிக்கிழமை நடந்தது

திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அக்கவுண்ட்ஸில் நிற்க இடம் இருக்காது. ஆறு மணிக்குக் கார்ட்டன்களை ஏற்றி முடித்த லாரி குடோன் வாசலில் நிற்கிறது. திங்கள் காலைக்குள் தூத்துக்குடி சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்தின் கன்டெய்னர் சரக்கு நிலையம்) சரக்கு இறங்க வேண்டும். தவறினால் அடுத்த கப்பல். பையர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏர், அதாவது விமானத்தில் அனுப்ப வேண்டும். ஏர் என்றால் அந்த ஆர்டரின் லாபம் முழுக்கப் போய், கையிலிருந்தும் போடவேண்டி வரும்.

பேக்கிங் சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் போட்டார். தவறு என்று வந்தது. மறுபடி போட்டார். அதேதான். மெயின் யூனிட்டுக்குப் போன் போனது. அங்கே அக்கவுண்டன்ட் போட்டுப் பார்த்தார், அவருக்கும் திறக்கவில்லை. "நம்ம பாஸ்வேர்டு அதேதானுங்களே, யாராச்சும் மாத்துனீங்களா?" என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டார்கள். யாரும் மாற்றவில்லை என்றார்கள்.

ஃபர்காட் பாஸ்வேர்டு கொடுத்தால் பதிவு செய்த மொபைலுக்குத்தான் எஸ்எம்எஸ் போகும். அது முதலாளியின் எண். முதலாளி காங்கயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், போன் சைலண்ட்டில். அவரைப் பிடித்து, எஸ்எம்எஸ்ஸில் வந்ததை வாங்கி, புது பாஸ்வேர்டு வைத்து, மறுபடி லாகின் செய்தால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஓடிபி. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் போர்ட்டலில் எல்லா வரிதாரர்களுக்கும் இது கட்டாயம். அதுவும் அதே மொபைலுக்குத்தான். மறுபடி மண்டபத்துக்குப் போன். பில் எடுத்து லாரி கிளம்பும்போது மணி ஒன்பது.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததாலேயே "போர்ட்டல் பிரச்சனை" என்று எல்லாரும் மறந்துவிடப் பார்த்தார்கள். பில் இல்லாமல் லாரியை அனுப்பிவிடலாம் என்று நடுவே ஒரு யோசனை வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 129-இன்படி வழியில் சரக்கையும் வண்டியையும் நிறுத்திவைக்க முடியும். வரி விதிக்கத்தக்க சரக்கு என்றால் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். அந்த யோசனையை அக்கவுண்டன்ட் மறுத்தது சரியான முடிவு.

யார் மாற்றியது

திங்கட்கிழமை பின்னோக்கிப் போனபோது கண்ணி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டு, இன்வார்டு ரிஜிஸ்தரின் பின் அட்டையில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. நிறுவனத்தின் பெயர், ஒரு அட் குறி, பிறகு ஆண்டு. பல பேர் விரல் பட்டு டேப்பின் ஓரம் கறுத்து, நீல மை மங்கியிருந்தது. ஆண்டில் இருந்த பூஜ்யம் வட்டமாகப் பெரிதாக இருந்ததால் ஆங்கில ஓ எழுத்துப் போலவே தெரிந்தது. வியாழக்கிழமை பர்ச்சேஸில் புதிதாகச் சேர்ந்த பையன் அதை ஓ என்றே அடித்திருக்கிறான். திறக்கவில்லை. வெளியே நூல் வண்டி நின்றது. கேட்பதற்குப் பழைய ஆள் அன்றைக்கு லீவு. ஃபர்காட் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டான்: "அண்ணா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்குமுங்க, அதைச் சித்த சொல்லுங்க."

முதலாளி சொல்லிவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததை அவர்மீது குற்றமாக வைக்க முடியாது. ஜிஎஸ்டி, வங்கி, சுங்கத் துறையின் ஐஸ்கேட், இன்வாய்ஸ் போர்ட்டல் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஓடிபி அவர் போனுக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் "சொல்லுங்கண்ணா" என்கிறார். வாசித்துச் சொல்வது அவருக்குக் கை பழகிய வேலையாகிவிட்டது. நாளைக்கு வங்கி ஓடிபியை வெளியாள் யாராவது அதே குரலில் கேட்டாலும் அப்படியேதான் வாசிப்பார். பாஸ்வேர்டைப் பகிர்வதும் ஓடிபியை வாசிப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்; முதலாவதை விட்டுவைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் நிறுத்த முடியாது.

பையன் வைத்த புது பாஸ்வேர்டு அவன் கம்ப்யூட்டரின் குரோமில் சேமிப்பானது. அவனுக்கு வேலை ஓடியது. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த லாகினை இன்னும் மூன்று பிரிவு பயன்படுத்துகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மற்ற பிரிவுகளுக்குப் பில் தேவைப்படவில்லை. சனிக்கிழமை வெடித்தது.

"நெட் வரமாட்டேங்குதுங்க"

சிஸ்டம் பாக்கற தம்பிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போன புகார் இதுதான்: "தம்பி, நெட் வரமாட்டேங்குதுங்க, சித்த வந்து பாருங்க." அவர் எனி டெஸ்க்கில் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் மென்பொருள்) நுழைந்து, ரவுட்டரை அணைத்துப் போட்டு, டிஎன்எஸ் மாற்றி, பிரவுசர் கேஷை அழித்து அரை மணி நேரம் செலவழித்தார். நெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. திரையில் வந்த செய்தியை ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் அந்த அரை மணி மிச்சம்.

புகார் சொல்பவர் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்தத் திரை, அதில் வந்த செய்தி அப்படியே, கடைசியாக எப்போது சரியாக ஓடியது. அதோடு பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் போன் எடுக்கும் முன் கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் மொழி தமிழில் நிற்கிறதா என்றும் பாருங்கள். தமிழில் லேபிள் அடித்துவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறப்பது நம் அலுவலகங்களில் சாதாரணம். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளி மட்டும் தெரிவதால் உள்ளே என்ன எழுத்து விழுகிறது என்று தெரியாது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டர் லாகினையும் ஒரே சர்வரில் கட்டும் ஏற்பாடு) வைத்திருக்கும் அலுவலகங்களில் இன்னொரு தொல்லை உண்டு. பாஸ்வேர்டு மாற்றியபின் ஒருவரின் கணக்கு மட்டும் அடிக்கடி பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அவர் மொபைலின் மெயில் ஆப்போ, வேறொரு கம்ப்யூட்டரில் சேமித்துவைத்த பழைய பாஸ்வேர்டோ பின்னால் இருந்து முட்டிக்கொண்டே இருக்கும். சர்வரின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து 4740 என்ற எண்ணைத் தேடினால் எந்த இயந்திரத்திலிருந்து பூட்டு விழுந்தது என்று பெயரோடு இருக்கும். தோற்ற லாகின் முயற்சிகள் 4625-இல் கிடைக்கும். இதைப் பார்க்காமல் திரும்பத் திரும்பப் பூட்டை மட்டும் திறந்துவிடுவது இரண்டு பேருக்கும் அலுப்பு.

சப்போர்ட் பக்கமும் குறை உண்டு. "பாஸ்வேர்டு என்னனு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று முதலில் கேட்பவர் பல இடங்களில் சிஸ்டம் பார்ப்பவரேதான். 35 கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு. அது இவருக்கு முன் ஏஎம்சி பார்த்தவருக்கும் தெரியும், அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். எனி டெஸ்க்கில் ஆள் இல்லாமலே நுழையும் பாஸ்வேர்டும் அப்படித்தான். பழுது பார்க்க வருகிறவர் தன் அட்மின் கணக்கில்தான் நுழைய வேண்டும். பயனரின் கணக்கிலேயே பார்த்தாக வேண்டும் என்றால் பயனர் உட்கார்ந்து தானே அடித்துத் திறந்துவிட வேண்டும். டொமைன் உள்ள இடத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வேறு வேறு அட்மின் பாஸ்வேர்டைத் தானாக வைத்துச் சுழற்றும் லேப்ஸ் வசதி, 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பொது மெயிலில் இருந்த விதி

திங்கட்கிழமை சிஸ்டம் தம்பி ஒரு காரியம் செய்தார். எந்தெந்த லாகினை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று பிரிவு பிரிவாகப் போய்ப் பட்டியல் எடுத்தார். பையர்களோடு டாக்குமென்ட் பரிமாறும் பொது மெயில் ஐடி பட்டியலில் முதலிடம் பிடித்தது: ஒன்பது பேர். மெர்ச்சன்டைசர்கள் (பையரோடு ஆர்டரைப் பேசி நடத்துபவர்கள்), டாக்குமென்டேஷன், அக்கவுண்ட்ஸ், முதலாளியின் மகன். இரண்டடுக்குச் சரிபார்ப்பு அணைத்துவைக்கப்பட்டிருந்தது. "ஒன்பது பேருக்கு யார் போன்லீங்க கோடு வரவைக்கறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் அணைத்தார்கள்.

அந்த மெயிலின் அமைப்புகளில், வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் விதிகள் பக்கத்தைத் திறந்தபோது ஒரு விதி இருந்தது. அதன் பெயர் வெறும் ஒற்றைப் புள்ளி. வரும் மெயிலில் பேங்க், பேமென்ட், இன்வாய்ஸ் ஆகிய ஆங்கிலச் சொற்களில் ஒன்று இருந்து, அது ஒரு குறிப்பிட்ட பையரின் முகவரியிலிருந்து வந்திருந்தால், படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளு. அந்த ஃபோல்டரை அலுவலகத்தில் யாரும் ஆயுளில் திறந்ததில்லை. அதற்குத்தான் அந்த ஃபோல்டர்.

உள்ளே பையருடைய மூன்று மெயில். மூன்றாவதில் பையர், நீங்கள் புதிதாக அனுப்பிய வங்கிக் கணக்கை உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அப்படி எதுவும் போகவில்லை. நிறுவனத்தின் மெயில் முகவரியில் அட் குறிக்குப் பின் வரும் பெயரில் ஒரு எம் எழுத்தை எடுத்துவிட்டு, பார்வைக்கு எம் போலவே தெரியும்படி ஆர், என் இரண்டையும் ஒட்டிவைத்த போலி முகவரியிலிருந்து போயிருந்தது. பழைய உரையாடல் முழுவதும் கீழே இருந்தது. இன்வாய்ஸ் எண் சரி. தொகை சரி. கணக்கு மட்டும் வேறு. ஆடிட் நடப்பதால் வழக்கமான கணக்கை இப்போது பயன்படுத்த முடியாது என்று காரணமும் எழுதியிருந்தது.

பணம் போகவில்லை. அந்தப் பையர் எழுத்தில் பதில் வராததால் திருப்பூரிலுள்ள தன் பையிங் ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தார். ஏஜென்ட் அன்று மத்தியானம் போன் செய்து கேட்டார். போயிருந்தால் பையரின் வங்கி வழியாக ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையிலான செய்தி வலை) ரத்துக் கோரிக்கை உடனே போக வேண்டும். பெறும் வங்கியில் பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால்தான் அதற்குப் பலன். வராத பணத்துக்கு ஷிப்பிங் பில், ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பார்க்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ்ஸில் திறந்தே நிற்கும். அதை மூட வங்கியோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து தனி.

திருடனுக்குப் பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள் என்று வந்த போலிப் பக்கத்தில் யாரோ அடித்திருக்க வேண்டும். ஒன்பது பேரில் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. லாகின் பதிவுகளில் ஒன்பது பேருக்கும் ஒரே பெயர். இந்த மெயில் ஓடும் மைக்ரோசாஃப்ட்டின் இலவச நிலையில் உள்நுழைவுப் பதிவு ஏழு நாள்தான் நிற்கும், அதற்கு முந்தையது போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து லாகின் என்று முன்பே ஒரு எச்சரிக்கை மெயில் வந்திருந்தது. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். பொருட்காட்சிக்குப் போன முதலாளியின் மகனாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தனி லாகினாக இருந்தால் அந்த எச்சரிக்கை ஒருவருக்கு வந்திருக்கும், நான் இல்லையே என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். பகிர்ந்த லாகினில் வரும் எச்சரிக்கை யாருக்கும் வருவதில்லை.

ஏன் பகிர்கிறார்கள்

பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டியவர் அசட்டையான ஆள் இல்லை. அந்த அலுவலகத்தில் அவரைவிடப் பொறுப்பானவர் குறைவு. வண்டி நிற்கும்போது வேலை நடக்க வேண்டும், தான் லீவில் இருந்தாலும் நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஒட்டினார். நாலு பிரிவு செய்யும் வேலைக்கு நிர்வாகம் ஒரே ஒரு சாவி கொடுத்தது. அவர் அதை எல்லாரும் எடுக்கும் இடத்தில் மாட்டினார்.

அதனால் "பாஸ்வேர்டைப் பகிராதீர்கள்" என்று சுற்றறிக்கை ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது. வேலை அப்படியே இருக்கும், சீட்டு மேசை டிராயருக்குள் போகும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்ற பழைய கட்டளையும் அப்படியே. மாதத்தின் பெயரையோ ஆண்டையோ பின்னால் ஒட்டிக்கொள்வார்கள், ஒன்றைத் தெரிந்தவனுக்கு அடுத்ததும் தெரியும். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை நிறுவனம் 2017-இலேயே காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். மற்றபடி நீளமாக வைத்தால் போதும்: தொடர்பில்லாத நாலு சொல், தறி, புளியங்கொட்டை, மாட்டுச்சந்தை, குடை என்பதுபோல, ஆங்கில எழுத்தில் இடையே கோடு போட்டு அடித்தால் ஆட்கள் வழக்கமாக வைக்கும் எட்டு எழுத்துக் குறிக் கலவையைவிட உடைப்பது கடினம், நினைவிலும் நிற்கும். (இந்த நாலையே வைத்துவிடாதீர்கள்.)

பகிர வேண்டியிருக்கும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஆளுக்கொரு லாகின் கொடுக்கும் வழி ஏற்கனவே இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாக. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் இந்த அலுவலகத்தின் நோய்.

சரிசெய்தது: இ-வே பில்

முதலில் இதை எடுத்தார்கள், மறுபடி சனிக்கிழமை மாதிரி ஒன்று வரக்கூடாதென்று. மெயின் யூசரில் நுழைந்து யூசர் மேனேஜ்மென்ட் மெனுவில் சப்-யூசர் உருவாக்கும் பகுதி. பெயர், பதவி, அவருடைய சொந்த மொபைல் எண், மெயில். அந்த மொபைலுக்கு ஓடிபி வந்து சரிபார்த்தபின், எந்தெந்த வேலை செய்யலாம் என்று டிக் போட வேண்டும். துணி அனுப்புபவருக்கு பில் உருவாக்கவும் வண்டி எண் மாற்றவும் மட்டும். வந்த பில்லை நிராகரிக்கும் உரிமை அக்கவுண்ட்ஸுக்கு மட்டும். சப்-யூசருக்கு இரண்டடுக்கு ஓடிபி அவருடைய மொபைலுக்கே வரும். முதலாளி கல்யாணத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இ-வே பில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலும் செல்லும். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் போன நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஆக, ஒரு இடத்தில் மாற்றினால் இரண்டு வேலையும் நிற்கும். டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து நேராகப் பில் போடுவதற்கான ஏபிஐ யூசர் (மென்பொருளே போர்ட்டலில் நுழையும் லாகின்) தனி. அதை இந்தச் சுத்தப்படுத்தலில் தொட வேண்டியதில்லை, ஆனால் அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும்.

சரிசெய்தது: மெயில்

இதில் வரிசை முக்கியம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாஸ்வேர்டு மாறினாலும் விதி அப்படியே இருக்கும். ஃபார்வர்டு வைத்திருந்தால் திருடனுக்கு மெயில் போய்க்கொண்டே இருக்கும்.

சந்தேகமில்லாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அட்மின் கணக்கில் நுழைந்து அந்த ஐடியின் உள்நுழைவை முடக்கினார்கள். திறந்திருக்கும் எல்லா செஷன்களையும் ரத்து செய்தார்கள். பிறகு விதிகள், அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட். பிறகு மெயில்பாக்ஸ் அளவிலான ஃபார்வர்டு, இது எக்ஸ்சேஞ்ச் அட்மின் பக்கத்தில் தனியாக இருக்கும், விதிகள் பக்கத்தில் தெரியாது. பிறகு சரிபார்ப்பு முறைகளில் தெரியாத போன் எண் ஏதாவது சேர்ந்திருக்கிறதா, வெளி ஆப் எதற்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா. இதையெல்லாம் முடித்தபின்தான் பாஸ்வேர்டு. ஜிமெயில் என்றால் பார்க்க வேண்டிய இடங்கள்: ஃபில்டர்கள் பக்கம், ஃபார்வர்டிங் பக்கம், மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும்.

அதன்பின் அந்த ஐடியை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றினார்கள். 50 ஜிபி வரை அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. உள்நுழைவு முடக்கத்தை அப்படியே விட்டதால் அதில் நேராக யாரும் நுழைய முடியாது. ஒன்பது பேரும் அவரவர் ஐடியில் நுழைந்து இதைத் திறப்பார்கள். முழு அணுகலும், அந்த ஐடியாகவே அனுப்பும் உரிமையும் கொடுக்க வேண்டும். ஜிமெயிலில் இதற்கு ஈடு, அக்கவுண்ட்ஸ் அமைப்பில் உள்ள டெலிகேஷன்.

இந்த மாற்றம் இரண்டாவது நாளே கவிழப் பார்த்தது. ஷேர்டு மெயில்பாக்ஸிலிருந்து அனுப்பும் மெயில் வழக்கமாக அனுப்பியவரின் சொந்த சென்ட் ஃபோல்டரில்தான் விழும். பையருக்கு யார் என்ன பதில் போட்டார்கள் என்று மற்ற எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு மெர்ச்சன்டைசர் இரண்டு டெலிவரி தேதி கொடுத்துவிட்டார்கள். "பழையபடியே பாஸ்வேர்டைக் கொடுத்துருங்க" என்ற குரல் எழுந்தது. அட்மின் பக்கத்தில் அந்த மெயில்பாக்ஸின் சென்ட் ஐட்டம்ஸ் அமைப்பில், அனுப்பியதன் நகலை இங்கேயும் வை என்பதை இயக்கினால் தீர்ந்தது. ஒரு டிக். இந்த ஒரு டிக் தெரியாமல் பழைய வழிக்குத் திரும்பிப் போன அலுவலகங்கள் உண்டு.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆளாளுக்கு இயக்கும்போது எதிர்பார்த்த எதிர்ப்பு வந்தது: "எம்பட போன்ல ஆபீஸ் ஆப் எதுக்குங்க?" நியாயமான கேள்வி. ஆத்தென்டிகேட்டர் ஆப் கோடு காட்டுமே தவிர போனைப் பார்க்காது என்று விளக்கியதும் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்கும் ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கும் யுஎஸ்பி செக்யூரிட்டி கீ வாங்கிக் கொடுத்தார்கள். சொந்தப் போனை வற்புறுத்துவதைவிட அந்தச் செலவு நல்லது.

இப்படி ஒரு நுழைவு நடந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைப்பு, சைபர் கிரைம் போர்ட்டலில் புகார், இரண்டையும் அந்த மணி நேரத்திலேயே செய்ய வேண்டும். மற்றவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-இன்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு ஒன்பது பேருக்குத் தெரிந்தது என்றால் யார்மீது என்ன என்று நிரூபிப்பது பெரும்பாடு.

டாலி, வங்கி

பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும், அணைக்க முடியாத எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். இங்கே எடிட் லாக் ஓடியது. திறந்து பார்த்தால் எல்லா வவுச்சரிலும் மாற்றியவர் பெயர் அட்மின். சட்டத்துக்குப் பதிவு இருக்கிறது, கணக்குக்குப் பயனில்லை. கம்பெனி மெனுவில் செக்யூரிட்டியை இயக்கி, ரோல் பிரித்து, ஆளுக்கொரு யூசர் வைத்தார்கள். ஸ்டோரில் இருப்பவர் இருப்பைப் பார்க்கலாம், பின்தேதியிட்டு வவுச்சர் போட முடியாது. முழு வேலையும் ஒரு மத்தியானம்.

வங்கியில் ஒருவர் பதிவார், ஒருவர் ஒப்புவார் என்ற இரட்டை ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. இரண்டு பேரின் பாஸ்வேர்டும் ஒரே அக்கவுண்டன்ட்டிடம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வைத்த விதிப்படி, பாஸ்வேர்டு போன்ற பணம் செலுத்தும் விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளருடையது. இதை வாசித்துக் காட்டியபின் முதலாளி ஒப்புதலைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டார். நம்பிக்கையானவரிடம்தான் கொடுத்திருந்தார், சரி. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் முதல் சந்தேகம் அந்த நம்பிக்கையானவர்மீதே விழும். இரட்டை ஏற்பாடு அவருக்கும் பாதுகாப்பு.

தனித்தனியாகக் கொடுக்க முடியாதவை

சில பையர்களின் வெண்டர் போர்ட்டல் ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஐடிதான் தரும். கூரியர் தளம், சிசிடிவி டிவிஆர், வைஃபை ரவுட்டர் இவையும் அப்படியே. இவற்றுக்கு கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு பெட்டகம். கோப்பு சர்வரில், திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மூன்று பேரிடம் மட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகள் எல்லாம் மாற்றப்பட்டன. குரூப்பை விட்டுப் போனவர் போனிலும் பழைய மெசேஜ் இருக்கும். டிவிஆரில் ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டே இருந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் அந்த ஆலை பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் பிடித்தது. லாரி டிரைவர்களுக்கும் வந்துபோகும் ஏஜென்ட்களுக்கும் கெஸ்ட் வைஃபை தனியாகப் பிரிக்கப்பட்டது. அதன் பாஸ்வேர்டை வாசலில் ஒட்டினாலும் பாதகமில்லை.

மெயின் யூசர்களின் பாஸ்வேர்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பேக்கப் கோடுகளும் அச்சிட்டு, உறையில் ஒட்டி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு லாக்கரில். உறை கிழிந்திருந்தால் அன்றே எல்லாம் மாற வேண்டும்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு பக்கத் தாள் உண்டானது: மெயில் முடக்கம், இ-வே பில் சப்-யூசரை ஃப்ரீஸ் செய்தல், டாலி யூசர், பெட்டகத்தின் மாஸ்டர், கேட் சாவி. செட்டில்மென்ட் செக்கில் கையெழுத்தாகும் முன் சிஸ்டம் தம்பியும் இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு கேட் சாவிக்கு மட்டும்தான் தாள் இருந்தது.

ஒன்று மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. முதலாளியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆடிட்டர் ஆபீஸில், மேலே பின் எண் ஸ்டிக்கரோடு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 42 அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் பொறுப்பைக் கையொப்பக்காரர்மீதே வைக்கிறது. அந்த டோக்கனால் போடப்படும் கையொப்பம் அவர் கையால் போட்டதாகவே கொள்ளப்படும். ஆனால் ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாளில் டோக்கனோடு ஆள் அனுப்ப முடியாது என்கிறார்கள், அதுவும் உண்மை. இப்போதைக்கு ஸ்டிக்கரைக் கிழித்தாகிவிட்டது. பின்னை முதலாளி மாற்றி வைத்திருக்கிறார். தாக்கல் நாளில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தால், எந்த ஃபார்ம், எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, திரையைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்தபடி எனி டெஸ்க்கில் தானே பின்னை அடிக்கிறார். அடுத்த நிதியாண்டிலிருந்து டோக்கனை இங்கேயே வைத்துக்கொண்டு, தாக்கலையும் இங்கிருந்தே செய்வதாகப் பேச்சு.